பெயர் கிடைக்க 15 ஆண்டுகள்: பாலிங் மலையோடைப் புழுவின் வரலாறு

பாலிங் என்று சொன்னதும் நம் மாணவர்கள் டக்கென்று சொல்வது 1955 டிசம்பர் 28, 29. துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஒரு பக்கம். சின் பெங், ரஷிட் மைடின், சென் தியென் மறுபக்கம். கொஞ்சம் கூடுதலாகப் படித்த பிள்ளைகள் 1974-ஐயும் சொல்வார்கள். ரப்பர் விலை விழுந்து, கித்தா மரத்தை நம்பியிருந்த சிறு குடியானவர்கள் பாலிங்கில் தெருவில் இறங்கிய ஆண்டு அது. அதோடு பாலிங் பாடம் முடிந்துவிடும்.

உலகத்தின் ஒட்டுண்ணியியல் ஆய்வுகளில் பாலிங் என்ற பெயர் வேறொரு காரணத்துக்காகப் பதிவாகியிருக்கிறது. அங்குள்ள காட்டோடைகளில் ஒரு எலியும் ஒரு நத்தையும் ஒரு புழுவும் சேர்ந்து நடத்தும் வாழ்க்கைதான் அந்தக் காரணம். அந்தப் புழுவின் பெயர் சிஸ்டோசோமா மலாயென்சிஸ். நம் நாட்டின் பெயரைத் தன் பெயரில் தாங்கிய இரத்தத் தட்டைப்புழு அது. 1973-இல் அதன் தடயம் ஒரு மனித உடலில் கிடைத்தது. 1988-இல்தான் அதற்குப் பெயர் கிடைத்தது. இடையில் 15 ஆண்டுகள் என்ன நடந்தது என்பதே இக்கட்டுரை.

"இது அறிவியல் பாடமாச்சே, வரலாறு எங்க வருது?" என்று சிலர் கேட்கலாம். சான்று எப்படிக் கிடைக்கிறது, அதை எப்படிச் சோதிக்கிறார்கள், எந்த மக்களின் நோய் ஏட்டில் ஏறுகிறது, எது ஏறாமல் போகிறது என்பதெல்லாம் வரலாற்றுக் கேள்விகள்தாம். எஸ்.டி.பி.எம். உயிரியல் மாணவருக்கும் எஸ்.பி.எம். வரலாறு மாணவருக்கும் இந்தக் கதை ஒரே நேரத்தில் பயன்படும்.

முதலில் புழுவைப் புரிந்துகொள்வோம்

தட்டைப்புழுக்களில் பல, விலங்குகளின் குடலிலோ பித்தநாளத்திலோ வாழும். சிஸ்டோசோமா வகை இரத்தக் குழாய்க்குள்ளேயே குடியிருக்கும். அதனால்தான் இரத்தத் தட்டைப்புழு என்று பெயர். மற்றத் தட்டைப்புழுக்களில் பெரும்பாலும் ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் ஒரே உடலில் இருக்கும். இதில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் புழுவின் உடலில் ஒரு நீண்ட மடிப்பு உண்டு. மெல்லிய பெண் புழு அந்த மடிப்புக்குள் அடங்கி, வாழ்நாள் முழுவதும் இணையாகவே வாழும். மலாயென்சிஸ் புழுவின் நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான்.

அதன் வாழ்க்கைச் சுழற்சி இப்படி:

எலியின் குடலைச் சுற்றியுள்ள இரத்த நாளங்களில் புழு முட்டையிடுகிறது. முட்டைகளில் ஒரு பகுதி குடற்சுவரைத் துளைத்து எச்சத்தோடு வெளியேறும். அது தண்ணீரில் விழுந்தால் முட்டை பொரிந்து, மிராசிடியம் என்ற நுண்ணிளரி நீந்தி வரும். சில மணி நேரத்துக்குள் தனக்குரிய நத்தையைக் கண்டுபிடித்துப் புகுந்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். நத்தைக்குள் அது பல மடங்காகப் பெருகி, வால் பிளந்த செர்கேரியா என்ற இளரியாக மீண்டும் தண்ணீருக்கு வரும். ஓடையில் இறங்கும் பாலூட்டியின் தோலைத் துளைத்து உள்ளே போகும். வாயில் தண்ணீர் போக வேண்டியதில்லை. காலை நனைத்தாலே போதும்.

மனிதர் அந்த ஓடையில் இறங்கினாலும் இதே கதைதான். வெளியேற முடியாத முட்டைகள் இரத்தத்தோடு போய்க் கல்லீரலில் சிக்கிக்கொள்ளும். உடல் அந்த முட்டைகளைச் சுற்றிச் சிறுசிறு கட்டிகளை உருவாக்கும். நோய்க்குக் காரணம் புழுவைவிட இந்த முட்டைகளே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் கதையின் முதல் சான்றே முட்டைதான்.

1973: கல்லீரலில் கிடைத்த ஆவணம்

பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய செய்தியையும் இந்த முட்டை காப்பாற்றி வைக்கும். 1910-இல் மார்க் அர்மான்ட் ரஃபர் என்ற ஆய்வாளர், எகிப்தின் 20-ஆவது அரசமரபுக் காலத்து மம்மிகளின் சிறுநீரகத்தில் சுண்ணம் படிந்த சிஸ்டோசோமா முட்டைகளைக் கண்டார். சீனாவின் சாங்ஷா நகருக்கு அருகே மவாங்துய் கல்லறையில் 1972-இல் வெளிப்பட்ட, 2,000 ஆண்டுகளுக்கும் பழமையான சீமாட்டியின் உடலிலும் இவ்வகை முட்டைகள் இருந்தன. கல்வெட்டு, செப்பேடு போல இதுவும் ஒரு முதன்மைச் சான்று.

நம் நாட்டில் நடந்ததும் இதே மாதிரிதான். 1973-இல் மருத்துவர் முருகாசுவும் பேராசிரியர் ஏ.எஸ். திசாநாயக்கவும் மலேசியாவின் முதல் சிஸ்டோசோமா நோய்ச் சம்பவத்தை அறிவித்தார்கள். திசாநாயக்க இலங்கையிலிருந்து வந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஒட்டுண்ணியியல் அறிஞர். நோயாளி ஒரு பூர்வகுடியினர். பிரேதப் பரிசோதனையில், உறுப்பின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தபோது முட்டைகள் தெரிந்தன. ஆக, மலேசியாவில் இந்த நோய் முதலில் தெரியவந்தது இறந்த ஒருவரின் உடலிலிருந்து. உயிரோடு இருந்த நோயாளி ஒருவரைப் பற்றிய முதல் அறிக்கை 1978-இல்தான் வந்தது.

இந்தச் சான்று பூர்வகுடியினரிடம் கிடைத்ததற்கும் ஒரு வரலாற்றுப் பின்னணி உண்டு. அவசரகாலத்தில் காட்டுக்குள் இருந்த பூர்வகுடியினர் அரசாங்கத்துக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை முள்வேலி முகாம்களுக்கு மாற்றிய ஆரம்ப நடவடிக்கையில் நிறையப் பேர் நோயால் மாண்டார்கள். அதன் பிறகே அவர்களுக்கென்று தனி நிர்வாகமும், கோம்பாக்கில் தனி மருத்துவமனையும் உருவாயின. காட்டு மக்களின் உடல் நவீன மருத்துவத்தின் கண்ணில் பட்டது அதன்பின்தான். அதற்கு முன்பு இந்த நோயால் இறந்தவர்கள் இருந்திருந்தால், அவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

புழு எங்கே? நத்தை எங்கே?

முட்டை கிடைத்துவிட்டது. அதன் சாயலும் தெரிந்தது. ஆப்பிரிக்கச் சிஸ்டோசோமா முட்டைகளில் பெரிய முள் இருக்கும். ஒரு வகைக்கு நுனியில், இன்னொரு வகைக்குப் பக்கவாட்டில். இதில் அப்படி இல்லை. உருண்டையாக, ஆசிய வகையான சிஸ்டோசோமா ஜப்பானிக்கம் முட்டையின் சாயலில் இருந்தது. "அப்ப இது ஜப்பானிக்கம்தான்" என்று முடித்துவிடலாமா? முடியாது. ஜப்பானிக்கம் புழு வாழ ஒன்கோமெலானியா என்ற நத்தை வேண்டும். சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், சுலாவெசி ஆகிய இடங்களில் அந்த நத்தை உண்டு. தீபகற்ப மலேசியாவில் கிடையாது. நத்தை இல்லாத ஊரில் புழு எப்படி வாழும்?

இதே புதிருக்கு வடக்கே ஏற்கெனவே ஒரு விடை கிடைத்துக்கொண்டிருந்தது. லாவோஸ் நாட்டின் கோங் தீவிலிருந்து வந்த நோயாளி ஒருவரைப் பற்றி 1957-இல் பிரான்சில் அறிக்கை வெளியானது. அங்கும் ஒன்கோமெலானியா இல்லை. பிறகு மேக்கோங் ஆற்றின் பாறைகளில் வாழும் நியோட்ரிக்குலா அபெர்ட்டா என்ற சிறிய நத்தைதான் இடைநிலை ஓம்புயிர் என்று தெரிந்தது. 1978-இல் அந்தப் புழுவுக்கு சிஸ்டோசோமா மேக்கோங்கி என்று தனிப்பெயர் வைத்தார்கள். அப்படியானால் மலேசியப் புழுவும் ஜப்பானிக்கத்தின் உறவாக, ஆனால் வேறு இனமாக இருக்கலாம். அதை நிரூபிக்க இரண்டு சாட்சிகள் வேண்டும்: காட்டிலே புழுவைச் சுமக்கும் விலங்கு, தண்ணீரிலே அதை வளர்க்கும் நத்தை.

இந்தத் தேடலின் மையமாக இருந்தவர் ஜி.ஜே. கிரியர். கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் அறிஞர்களும் அவருடன் உழைத்தார்கள். பகாங்கின் உட்பகுதி ஓடைகளில் நெல்மணியைவிடச் சிறிய நத்தைகள் கிடைத்தன. பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்தின் நத்தை நிபுணர் ஜார்ஜ் டேவிசும் கிரியரும் 1980-இல் அவற்றை ரோபர்ட்சியெல்லா என்ற புதிய பேரினமாக, இரண்டு புதிய இனங்களோடு விவரித்தார்கள். அந்த வேளையில் நத்தைக்குப் பெயர் வந்துவிட்டது, புழுவுக்குப் பெயர் இல்லை. "மலேசியப் பாலூட்டிச் சிஸ்டோசோமா" என்ற அளவில்தான் குறிப்பிட்டார்கள்.

விலங்குச் சாட்சியும் கிடைத்தது. அது முல்லர் எலி. அன்றைய அறிவியல் பெயர் ராட்டஸ் முல்லெரி. இன்று சுண்டாமிஸ் முல்லெரி. தலையும் உடலும் மட்டுமே 20 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், வால் உடலைவிட நீளம். தாழ்நிலக் காடுகளில், குறிப்பாக ஓடைக் கரைகளில் நடமாடுவது. தோட்டத்து லயத்தில் கூரையில் ஓடும் எலியும் இதுவும் ஒன்றல்ல. நம்மவர்கள் பெருச்சாளி என்று சொல்லும் எலியும் இதல்ல.

1988-இல் கிரியர், ஓவ்-யாங், யோங் மூவரும் புழுவை முறையாக விவரித்து சிஸ்டோசோமா மலாயென்சிஸ் என்று பெயரிட்டார்கள். முல்லர் எலியிலிருந்து எடுத்த புழுக்களே அந்த விவரிப்புக்கு ஆதாரம். பார்வைக்கு மேக்கோங்கிப் புழுவும் இதுவும் மிக நெருக்கம். உருவத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. நத்தைக்குள்ளும் பாலூட்டிக்குள்ளும் அது வளரும் வேகம், எந்த நத்தையில் வளர்கிறது எதில் வளரவில்லை என்ற சோதனை, நொதிகளின் வேறுபாடு என்று பல சாட்சிகளை அடுக்கிய பிறகே பெயர் வைத்தார்கள்.

பாலிங் எங்கே வருகிறது?

பகாங்கின் கோயான் பகுதியும் கெடாவின் பாலிங் பகுதியும் இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு இடங்கள். 1990-களில் மரபணு ஆய்வுகள் வந்தபோது, இவ்விரு இடத்துப் புழுக்களையும் மேக்கோங்கி, ஜப்பானிக்கம் புழுக்களோடு ஒப்பிட்டார்கள். மலாயென்சிசும் மேக்கோங்கியும் உடன்பிறப்பு இனங்கள் என்று உறுதியானது. 2005-இல் ஸ்டீபன் அட்வுட் குழுவினர் தீபகற்ப மலேசியாவிலிருந்து இன்னொரு ஓம்புயிர் நத்தையை விவரித்து ரோபர்ட்சியெல்லா சில்விகோலா என்று பெயரிட்டார்கள். சில்விகோலா என்றால் இலத்தீனில் "காட்டில் வாழ்வது". அந்தப் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

பாலிங்கின் நில அமைப்பைப் பாருங்கள். மேற்கே கூலிம், சுங்கை பட்டாணி, பாடாங் செராய் என்று தோட்டங்கள் விரிந்த நிலம். கிழக்கே போகப் போக மலை ஏறும், தாய்லாந்து எல்லை வரும். கெட்டில் ஆறு அங்கிருந்து இறங்கி மூடா ஆற்றில் சேர்கிறது. கெடாவின் ஒரே பூர்வகுடிக் கிராமமான லூபோக் லெகோங்கும் பாலிங் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் கென்சியு மக்கள். மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாலிங்கில் பேசப்படுவது எலி, நத்தை, புழு ஆகியவற்றின் சுழற்சி. 1973 நோயாளியையும் இந்தக் கிராமத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு எழுதிவிடக் கூடாது.

தோட்டத்து மக்களுக்கு ஏன் வரவில்லை?

வகுப்பில் இந்தப் பாடத்தை எடுத்தால் கட்டாயம் எழும் கேள்வி: "சார், நம்ம தாத்தா பாட்டி எல்லாம் அங்கதான பால் வெட்டினாங்க, அவங்களுக்கு ஏன் வரல?" நியாயமான கேள்வி. பதிவான மனித நோயாளிகள் மிகச் சிலர், பெரும்பாலும் பூர்வகுடியினரே. இதற்கான காரணம் நிலத்தில் இருக்கிறது.

1909-இல் பேங்காக் ஒப்பந்தத்தின் மூலம் கெடா சயாமிடமிருந்து ஆங்கிலேயர் பிடிக்கு வந்தது. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலம் அது. பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல் இருந்து, கங்காணிகளின் பின்னால் கெடாவுக்குள் வந்த தமிழர்கள் முதலில் பார்த்தது காட்டைத்தான். ஆனால் தோட்டம் என்றாலே காட்டை வெட்டி எரித்த நிலம். நிழல் போய்விடும், மண் அரித்து ஓடையில் இறங்கும், தெளிந்த கல்லோடை சேற்று வாய்க்காலாகிவிடும். மலேரியாவுக்காக வெட்டிய வடிகால்களும் நீரோட்டத்தை மாற்றின. காட்டோடையில் வாழப் பழகிய ரோபர்ட்சியெல்லா நத்தைக்கு இது வாழ்விடமல்ல. நத்தை இல்லாவிட்டால் புழு இல்லை.

அதற்காகத் தோட்டத்து மக்கள் தப்பித்தார்கள் என்று சொல்ல முடியாது. நத்தையை விரட்டிய அதே காடழிப்பு வேறு நோய்களைக் கொண்டுவந்தது. மலேரியாக் கொசுக்களில் ஒரு முக்கிய வகை, நிழலை வெட்டியதும் வெயில் பட்ட மலையோடையில் பெருகியது. வெறுங்காலோடு நடந்தவர்களின் இரத்தத்தைக் கொக்கிப்புழு உறிஞ்சியது. எலி வழியாக வரும் எலிக்காய்ச்சலும், புதர்நிலச் சிற்றுண்ணி கடித்து வரும் டைபஸ் காய்ச்சலும் 1920-களில் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் கவனத்துக்கு வந்தன. காடாகவே இருந்த இடத்தில் ஒரு ஆபத்து, காட்டை வெட்டிய இடத்தில் வேறு ஆபத்து. முதலாவது பூர்வகுடியினருக்கு வாய்த்தது. இரண்டாவது நம் முன்னோர்களுக்கு.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தொழிலாளி படுத்துவிட்டால் பால் வெட்டு நின்றுவிடும், அதனால் தோட்டத்து நோய்களை எண்ணிக் கணக்கு வைக்க முதலாளிகளுக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு தேவை இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி, டிரசர், சுகாதார அதிகாரியின் ஆண்டறிக்கை எல்லாம் அப்படி வந்தவை. காட்டு மக்களின் நோயால் யாருடைய இலாபமும் குறையவில்லை. அதனால் அதற்குக் கணக்கு இல்லை. 1900-இல் ஆய்வுக் கழகம் தொடங்கியும் 1973 வரை இந்த நோய் கண்ணில் படாமல் இருந்ததற்கு நத்தை சிறியது என்பது மட்டும் காரணமல்ல.

சமவெளியில் இன்னொரு உறவினர்

கெடா என்றால் நெல். அந்த நெல்வயலுக்கும் ஒரு தட்டைப்புழுக் கதை உண்டு. மலாயாவில் வயலில் இறங்கியவர்களுக்குக் காலில் கடுமையான அரிப்பும் கொப்புளமும் வருவதுண்டு. வயல் அரிப்பு என்று அதைச் சொல்லலாம். 1938-இல் பக்லி என்ற ஆய்வாளர் அதற்குக் காரணம் சிஸ்டோசோமா ஸ்பிண்டாலே என்று காட்டினார். அது மாட்டின் புழு. வயலில் வாழும் இண்டோபிளானோர்பிஸ் நத்தைதான் அதன் இடைநிலை ஓம்புயிர். மாட்டுக்குப் போக வேண்டிய செர்கேரியா, ஆள் தெரியாமல் மனிதத் தோலுக்குள் நுழைந்து அங்கேயே செத்துவிடுகிறது. அரிப்போடு விவகாரம் முடிந்தது.

தேர்வில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஸ்பிண்டாலே சமவெளிப் புழு, மாடும் எருமையும் அதற்கு வீடு, மனிதனில் தோலோடு நின்றுவிடும். மலாயென்சிஸ் மலையோடைப் புழு, முல்லர் எலி அதற்கு வீடு, மனிதனில் கல்லீரல் வரை போகும்.

உலகத்தோடு ஒப்பிட்டால்

ஜப்பானின் கோஃபு பள்ளத்தாக்கு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வயிறு வீங்கிச் செத்தார்கள். 1904-இல் கட்சுராடா ஃபுஜிரோ அந்தப் பகுதிப் பூனை ஒன்றின் உடலில் புழுவைக் கண்டார். 1913-இல் மியாயிரியும் சுசூகியும் நத்தையைக் கண்டுபிடித்தார்கள். பிறகு வாய்க்கால்களுக்குச் சிமெண்டு பூசி, நத்தையை அழித்து, 1996-இல் நோய் ஒழிந்தது என்று அந்த மாநிலம் அறிவித்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுப் போராட்டம். அங்கே புழு ஒரு விலங்கில் கிடைத்தது. நம் நாட்டில் முதலில் மனிதரில் முட்டை கிடைத்தது. முட்டை, புழு, நத்தை, விலங்கு என்ற கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோக்கும் முறை ஒன்றே.

இந்தியாவிலும் ஒரு சம்பவம் உண்டு. 1952-இல் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற சிற்றூரில் மனிதச் சிஸ்டோசோமா நோய் உள்ளூரிலேயே பரவுவதைக் கண்டார்கள். சிறிய ஊர், ஒரு ஆறு, சில குட்டைகள். அந்த அளவுக்குள்ளேயே நோய் அடங்கியிருந்தது. நத்தை எங்கேயோ அங்கேதான் நோய் என்பதற்கு இதுவும் பாலிங்கும் பக்கத்துப் பக்கத்து எடுத்துக்காட்டுகள்.

உலக அளவில் இது சின்ன நோயல்ல. 2021-இல் மட்டும் 25 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சிஸ்டோசோமா தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். 1970-களில் உருவான பிராசிகுவாண்டெல் மாத்திரை இன்றும் முக்கிய மருந்து. மலேசியப் புழு அந்தக் கணக்கில் ஒரு துளிகூட இல்லை. இது அடிப்படையில் எலியின் புழு. மனிதர் தற்செயலாக வழியில் மாட்டிக்கொள்பவர்.

அப்படியென்றால் ஏன் படிக்க வேண்டும்?

பாலிங் காடு அப்படியே நிற்கவில்லை. 2022 ஜூலை 4-ஆம் தேதி கூப்பாங் பகுதியில் திடீர் வெள்ளம் வந்து மூவர் உயிரிழந்தார்கள். குனோங் ஈனாஸ் மலைச்சரிவில் தோட்டத்துக்காகக் காடு வெட்டியதுதான் காரணமா என்று நாடே கேட்டது. தொட்டால் கலங்கும் ஓடையில் நெல்மணியளவு நத்தை என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. உயிர் போன நேரத்தில் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் மேலே காட்டை வெட்டினால் கீழே ஓடும் தண்ணீரில் வாழ்கிறவை மாறும் என்பது நம் தோட்டங்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கொடுத்த பாடம். புழு போகலாம், கொசு வரலாம். எலி இடம் மாறலாம். அந்த மாற்றம் எந்த மக்களின் உடலில் முதலில் தெரியும் என்பதையும் 1973 நமக்குச் சொல்லியிருக்கிறது.

மாணவர்களை வீணாகப் பயமுறுத்த வேண்டாம். எலியைப் பார்த்ததாலோ தொட்டதாலோ இந்தப் புழு வராது; ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் ஒட்டாது. குழாய்த் தண்ணீரில் வராது. குறிப்பிட்ட நத்தை வாழும் காட்டோடை வழியாகத்தான் வர முடியும்.

காலவரிசை (கரும்பலகைக்கு)

1904: ஜப்பானில் பூனையின் உடலில் புழு.
1913: ஜப்பானில் இடைநிலை ஓம்புயிர் நத்தை.
1938: மலாயா வயல் அரிப்புக்குக் காரணம் ஸ்பிண்டாலே.
1957: லாவோஸ் நோயாளி பற்றிய அறிக்கை.
1973: மலேசியாவின் முதல் சம்பவம், பிரேதப் பரிசோதனையில்.
1978: உயிருள்ள முதல் மலேசிய நோயாளி, அதே ஆண்டில் மேக்கோங்கிப் பெயரீடு.
1980: ரோபர்ட்சியெல்லா நத்தைப் பேரினம்.
1988: சிஸ்டோசோமா மலாயென்சிஸ் பெயரீடு.
2005: ரோபர்ட்சியெல்லா சில்விகோலா.

வகுப்பறைக் கேள்விகள்

1. 1973-இல் கிடைத்த முட்டையை "ஜப்பானிக்கம்" என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போனது ஏன்? (நத்தையின் பரவலை வைத்து விடை எழுதுக.)

2. "காடழிப்பு ஒரு நோயைத் தடுத்தது, வேறு நோய்களைக் கொண்டுவந்தது." கெடா ரப்பர் தோட்டங்களைக் கொண்டு விளக்குக.

3. தோட்டத் தொழிலாளர் நோய்கள் ஆண்டறிக்கைகளில் இடம்பெற்றன. பூர்வகுடியினர் நோய்கள் இடம்பெறவில்லை. பொருளாதாரக் காரணத்தையும் அரசியல் காரணத்தையும் பிரித்து எழுதுக.

4. கல்வெட்டு, வாய்மொழி வரலாறு, நுண்ணோக்கிச் சீவல் ஆகிய மூன்றையும் சான்று என்ற முறையில் ஒப்பிடுக. எதை யார் பொய்யாக்க முடியும், எதை எப்படிச் சரிபார்க்கலாம்?

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகள் எழுதும் விடையை ஆசிரியர்கள் நிதானமாகப் படித்துப் பாருங்கள். "எங்க வீட்டுப் பெரியவங்க நோய் எந்த ஏட்டுல இருக்கு?" என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டால், அந்த வகுப்பில் வரலாறு புரிந்துவிட்டது என்று அர்த்தம்.